ஒரு லாரி விறகும் ஒரு சிவப்பு ஊரும்

போன வாரம் செவ்வாய்க்கிழமை காலை எங்கள் வீட்டு வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. பஞ்சாயத்து ஜீப். அதிலிருந்து ஒரு இளம்பெண் இறங்கினாள். கையில் திறந்த லேப்டாப். அதைப் பார்த்தாள். எங்கள் வீட்டைப் பார்த்தாள். மறுபடியும் அதைப் பார்த்தாள்.

"சார், இங்கே ஃபேக்டரி எங்கேங்க இருக்கு?"

நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். வாய் நிறைய நுரை. பேச முடியாமல் கையை மட்டும் சுற்றிக் காட்டினேன். இந்தப் பக்கம் தென்னந்தோப்பு. அந்தப் பக்கம் வயல். வயலைத் தாண்டினால் குளம். குளத்தைத் தாண்டினால் மறுபடியும் வயல். கொட்டாரத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிற எங்கள் ஊரில் ஒரு சர்ச் உண்டு, அய்யாவழிக்காரர்கள் கும்பிடுகிற ஒரு நிழல் தாங்கல் உண்டு, ஒரு பலசரக்குக் கடை உண்டு, பூட்டிக் கிடக்கும் ஒரு ரைஸ்மில்லும் உண்டு. ஃபேக்டரிக்கு எங்கே போவது?

அந்தப் பெண் விடுவதாக இல்லை. செங்கல் சூளையா? முந்திரி ஆலையா? ரப்பர் ஷீட்டைப் புகை போடுகிற இடமா? யாராவது தோப்புக்குள் ரகசியமாகக் கரி சுடுகிறார்களா? எல்லாவற்றுக்கும் தலையாட்டி மறுத்தேன்.

"அப்ப இவ்வளவு புகை எங்கிருந்துங்க சார் வருது?"

நான் நாலு பக்கமும் திரும்பிப் பார்த்தேன். புகை என்று சொல்ல ஒன்று இருந்தால், அது அந்த ஜீப்புக்குப் பின்னால்தான் இருந்தது.

வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து உட்காரவைத்துக் கேட்டேன். பெயர் நிவேதா. ஊர் கோயம்புத்தூர். எங்கள் பஞ்சாயத்துக்குத் திட்டம் போட்டுக் கொடுக்க வந்திருக்கிறாள். என்ன திட்டம்? கரியமில வாயுவைக் குறைக்கிற திட்டம். இதையெல்லாம் பெரிய பெரிய மாநாடுகளில் கோட் போட்டவர்கள் பேசுவார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அது கொட்டாரம் தாண்டி எங்கள் ஊருக்கே பஸ் பிடித்து வந்துவிட்டது!

நல்ல விஷயம்தான். ஆனால் குறைப்பதற்கு முன்னால் இருப்பது எவ்வளவு என்று தெரிய வேண்டாமா? அதற்கு ஒரு சாஃப்ட்வேர் வைத்திருக்கிறார்கள். எந்த வீட்டில் எவ்வளவு பெட்ரோல், எவ்வளவு கரண்ட், எவ்வளவு கேஸ், எவ்வளவு விறகு, எத்தனை மாடு... எல்லாவற்றையும் போட்டால் அது கூட்டிக் கழித்து ஊருக்கு ஒரு கலர் கொடுக்கும். பச்சை என்றால் சமர்த்து. மஞ்சள் என்றால் பரவாயில்லை. சிவப்பு என்றால்... ஜீப் வரும்.

மேப்பைக் காட்டினாள். எங்கள் பஞ்சாயத்து முழுவதும் பச்சைப் பசேல். நடுவில் ஒரே ஒரு ஊர் மட்டும் அம்மைக் கொப்புளம் மாதிரி சிவந்து நின்றது. எங்கள் ஊர். ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைகள் வரிசையாக நின்று சுற்றுகிற இந்த மாவட்டத்தில், காற்றையே கரண்டாக்குகிற இந்தச் சீமையில், இப்படி ஒரு மானக்கேடா?

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கணக்கில் பிழை என்றால் மூக்கு வியர்க்கும். "எங்க வீட்ல கேஸ்தாம்மா. விறகு வாங்கினதே கிடையாது" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

அவள் ஏதோ தட்டினாள். நிதானமாகச் சொன்னாள்.

"உங்க வீட்டுலயும் ஒரு லாரி விறகு எரிச்சிருக்கீங்க சார்."

நான் சமையலறைப் பக்கம் திரும்பினேன். அங்கே என் மனைவி ஸ்டெல்லா, எதுவும் காதில் விழாத மாதிரி, ஏற்கெனவே கழுவிய தட்டை மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தாள்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி, இந்தக் கணக்கெடுப்பு நடந்த விதத்தைச் சொல்ல வேண்டும். இரண்டு மாதம் முன்பு எங்கள் ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு லிங்க் வந்தது. அதை அழுத்தி வீட்டுக்கு வீடு அவரவரே பதில் எழுத வேண்டும். எழுதினார்கள். எப்படி எழுதினார்கள் என்பதுதான் விசேஷம். அரசாங்கம் எதைக் கேட்டாலும் அது வரிக்கா, சலுகைக்கா என்று தெரிகிறவரை உண்மையை வெளியே விடக் கூடாது — இது எங்கள் ஊரின் எழுதாத சட்டம். ஆகவே, ஊரில் ஒருவர் வீட்டிலும் கார் இல்லை. ஒருவர் வீட்டிலும் ஏசி இல்லை. "வெளியே சுவரில் தொங்குகிறதே, அது என்ன?" என்று கேட்டால் "அது சும்மா ஒரு மெஷினாக்கும்" என்பார்கள். பலசரக்குக் கடை சுயம்பு அண்ணன் தன் இரண்டு பசுவில் ஒன்றை மறைத்துவிட்டார். அது கடை வாசலில்தான் கட்டிக் கிடக்கிறது.

இப்படி எல்லாவற்றையும் மறைத்த ஊர், விறகில் மட்டும் ஏன் வாரி வழங்கியது?

காரணம் ஒரு ஆள். எட்வின். ஸ்டெல்லாவின் தம்பி. வாராவாரம் இந்தப் பத்தியை விடாமல் படிக்கிறவர்களுக்கு அவனைத் தெரியும் — ஐப்பசி மழையில் வீட்டுக்கு வெள்ளையடித்தானே, அவனேதான்.

எங்கள் சர்ச்சில் வருஷத்துக்கு ஒரு முறை அசனம் நடக்கும். அசனம் என்றால் ஊர்ச் சாப்பாடு. சர்ச் வளாகத்தில் வரிசையாக அடுப்பு வெட்டி, பெரிய பெரிய அண்டாக்கள் ஏற்றி, சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் கத்தரிக்காயும் ரசமும் பொங்கி, சபையார், சபையில் இல்லாதவர், அந்த வழியாகச் சைக்கிளில் போனவர் என்று எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவது. சாப்பிட்டு முடித்தால் வீட்டுக்கு ஒரு வாளிப் பங்கு. அசனத்தில் பங்கு இருக்கிறது என்பதற்கு அந்த வாளிதான் அத்தாட்சி. இதெல்லாம் விறகில்தான் வேகும். அதற்கு ஒரு லாரி விறகு வரும்.

இந்த வருஷ அசனக் கமிட்டிக்கு எட்வின்தான் கன்வீனர். பதவி வந்த கையோடு அவன் குரூப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டிருக்கிறான். லிங்கில் பதில் எழுதும்போது போன வருஷம் எரித்த நம்ம அசனத்து விறகை யாரும் மறந்துவிடக் கூடாது, எழுதாத வீடு ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று. அவனுக்கு அதில் ஒரு பெருமை. அரசாங்கத்துக்கே நம் அசனம் தெரியட்டும் என்று.

எங்கள் ஊர் அவன் பேச்சை இந்த ஒரு விஷயத்தில்தான் கேட்டது. வீட்டுக்கு வீடு எழுதினார்கள். எவ்வளவு? ஆளுக்கு ஒரு லாரி! அசனத்தில் என் பங்கு கால் லாரி, அரைக் கட்டு, ரெண்டு சுள்ளி என்று யார் எழுதுவார்கள்? முழு அசனமும் நம்முடையதுதானே? அய்யாவழிக்காரரான சுயம்பு அண்ணன்கூட ஒரு லாரி எழுதியிருந்தார். நிவேதாவோடு கடைக்குப் போய்க் கேட்டபோது அவருக்குக் கோபம்தான் வந்தது.

"வருசா வருசம் வாழையிலையும் பூசணிக்காயும் நானாக்கும் குடுக்கேன். எனக்க அசனத்தை நான் எழுதாம வேற எவன் எழுதுவான் மக்கா?"

பசுவை மறைத்தவர், விறகை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறார்.

நிவேதா ஒவ்வொரு வீட்டிலும் அந்த லாரி எப்போது வந்தது, யார் ஓட்டி வந்தது என்று விசாரித்தாள். எல்லா வீட்டிலும் ஒரே டிரைவர். எல்லா வீட்டிலும் அவர் ரிவர்ஸ் எடுக்கும்போது சர்ச் கேட்டை இடித்திருந்தார். நாலாவது வீட்டில் அவளுக்குப் புரிந்துவிட்டது. திண்டாட்டமும் அங்கேதான் தொடங்கியது.

ஏனென்றால், அந்த சாஃப்ட்வேர் சும்மா கலர் கொடுத்துவிட்டுப் போகிற ஜாதி இல்லை. சிவந்த ஊருக்கு வைத்தியமும் அதுவே எழுதும். எங்கள் ஊருக்கு எழுதிவிட்டது. முதல் சிபாரிசு: பொது விறகுச் சமையலை நிறுத்துதல். வெள்ளிக்கிழமை பஞ்சாயத்துக் கூட்டத்தில் அதை வைக்க வேண்டும். அசனமோ சனிக்கிழமை!

செய்தி சர்ச்சுக்கு எட்டியது. சர்ச் கமிட்டியில் ஒரு நடுக்கம். அரசாங்கத்தோடு எதற்கு வம்பு, இந்த முறை விறகே வேண்டாம், நாகர்கோவிலில் ஒரு கேட்டரிங்கில் சொல்லி பிரியாணி பார்சலாகக் கொடுத்துவிடலாம் என்று செயலாளர் சொன்னார். சதுரமான பிளாஸ்டிக் டப்பா, உள்ளே ஒரு முட்டை, மூடியில் ஸ்பூன்.

அன்று மாலை எட்வின் எங்கள் வீட்டுக்கு வந்தான். வழக்கமாக அவன் வந்தால் வீடு அதிரும். அன்று நாற்காலி நுனியில் உட்கார்ந்து காப்பியை ஆறவிட்டான். எனக்கே பாவமாக இருந்தது.

எட்வின் மஸ்கட்டில் ரொம்ப வருஷம் இருந்தவன். அங்கிருந்த காலத்தில் ஒரு அசனத்துக்குக்கூட லீவு கிடைத்ததில்லை. அசனத்தன்று வீடியோ கால் போட்டு, "அண்டாவைக் காட்டு, அடுப்பைக் காட்டு, இன்னும் கிட்டக் காட்டு" என்று அக்காவைப் பிடுங்கி எடுப்பான். ஒரு வருஷம் ஸ்டெல்லா கிட்டக் காட்டக் காட்ட, போன் கை நழுவி ரச அண்டாவுக்குள் விழுந்துவிட்டது. லைன் கட்டாகும்வரை எட்வின் மஸ்கட்டில் உட்கார்ந்து ரசத்தின் உள்பக்கத்தைப் பார்த்திருக்கிறான். அந்தக் காட்சியைக் கண்ட மனிதன் உலகத்திலேயே அவன் ஒருவன்தான். (ரசத்தை யாரும் கொட்டவில்லை. அந்த வருஷம் ரசம் நன்றாக இருந்தது என்றே பேச்சு.)

அப்படிப்பட்டவன் ஊருக்கே திரும்பி வந்து, கமிட்டியில் நுழைந்து, முதல்முறையாக அசனம் அவன் கைக்கு வந்திருக்கிறது. அவனே போட்ட வாய்ஸ் மெசேஜால் அது கைநழுவப் போகிறது.

"பார்சல் சோறு திங்கணும்னா நான் மஸ்கட்லயே கெடந்திருக்கலாம் அத்தான்" என்றான். கண் கலங்கியிருந்தது. அவனைக் கேலி செய்ய வைத்திருந்த வாக்கியத்தை விழுங்கிவிட்டேன். இந்தப் பத்தியில் எனக்கு அது பெரிய நஷ்டம்.

நிவேதா நல்ல பெண். பிழை எங்கே என்று தெரிந்ததும் திருத்துவதற்குத் தயாராக இருந்தாள். எல்லா வீட்டிலிருந்தும் அந்த ஒரு லாரியை நீக்க வேண்டும். யாராவது ஒருவர் பெயரில் ஒரே ஒரு முறை எழுத வேண்டும். அவ்வளவுதான். எவ்வளவு சுலபம்!

நீக்குவதற்கு அந்தந்த வீட்டு போனுக்கு ஓடிபி வரும். அதைச் சொன்னால் போதும்.

ஓடிபியா? ஊரே போனைச் சேலைத் தலைப்புக்குள்ளும் சட்டைப் பைக்குள்ளும் ஒளித்துவிட்டது. ஓடிபியை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது, கர்த்தரே வந்து கேட்டாலும் சொல்லக் கூடாது என்று ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்த வங்கி அதிகாரி யார் தெரியுமா? இந்தப் பத்தியை எழுதுகிறவன்தான். என் சர்வீஸில் நான் சொன்ன எதையும் இந்த ஜனங்கள் கேட்டதில்லை. எஃப்டி போடச் சொன்னேன், சிட்ஃபண்டில் போட்டார்கள். இதை மட்டும் கல்வெட்டு மாதிரி மனசில் பதித்திருக்கிறார்கள்.

ஓடிபி பயம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய சிக்கல் ஸ்டெல்லா வாயிலிருந்து வந்தது.

"நம்ம வீட்டுக் கணக்குல இருந்து அதை எடுத்துட்டா, நமக்கு அசனத்துல பங்கு இல்லேண்ணு ஆயிராதா?"

நான் விளக்கினேன். இது வெறும் டேட்டா. கம்ப்யூட்டருக்குள் இருக்கிற எண். பந்திக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அப்படியானால் முதலில் அடுத்த வீட்டு ஹெலன் எடுக்கட்டும், பிறகு நாம் எடுப்போம் என்றாள். ஹெலனிடம் போனால், முதலில் ஸ்டெல்லா எடுக்கட்டும் என்றாள். ஊர் முழுவதும் இதே பதில். எல்லாரும் விட்டுக்கொடுக்கத் தயார்... அடுத்தவர் விட்டுக்கொடுத்த பிறகு.

வியாழக்கிழமை சர்ச் வளாகத்தில் கூட்டம் போட்டோம். லாரியை யார் பெயரில் எழுதுவது? சர்ச் பெயரிலேயே எழுதலாம் என்றாள் நிவேதா. செயலாளர் துள்ளி எழுந்தார். ஏற்கெனவே சர்ச் பெயரில் ஜெனரேட்டர் இருக்கிறது, அதோடு புகையையும் சேர்த்தால் சபை சிவப்பாகிவிடும், அது கட்சி விவகாரம் மாதிரி ஆகிவிடும் என்றார். சுயம்பு அண்ணன் பெருந்தன்மையோடு எழுந்து, தன் பெயரில் போட்டுக்கொள்ளச் சொன்னார். தான் சர்ச்சுக்கு வெளியே உள்ள ஆள், தனக்கு ஒரு நாணமும் இல்லை என்றார். உடனே கூட்டம் கொதித்தது. அதெப்படி? நாளைக்கு அசனம் சுயம்புக்குச் சொந்தம் என்று ஆகிவிடாதா?

கடைசியில் நிவேதா ஒரு வழி கண்டுபிடித்தாள். சாஃப்ட்வேரில் பங்கு பிரிக்கிற வசதி இருக்கிறதாம். ஒவ்வொருவரும் அசனத்தில் தன் பங்கு நூற்றில் எத்தனை என்று சொன்னால் போதும். ஆளாளுக்குச் சொன்னார்கள். முதல் வரிசை முடிவதற்குள் நூறு தாண்டிவிட்டது. மெஷின் சிவப்பு எழுத்தில் ஏதோ திட்டியது. குறைத்துச் சொல்லுங்கள் என்றால் ஒருவரும் தயாரில்லை. கத்தரிக்காய் நறுக்குகிற பெண்கள் நறுக்காதவர்களைவிடத் தங்களுக்குக் கூடுதல் வேண்டும் என்று புதிதாக ஒரு சண்டை ஆரம்பித்தார்கள்.

அந்தப் பெண் லேப்டாப்பை மூடிவிட்டாள். முகத்தில் களைப்பு. இவ்வளவு நாளில் ஒரு ஊர்கூட அவளிடம் புகை எங்களுடையது என்று சண்டைக்கு வந்ததில்லையாம்.

"பார்சல் வேண்டாங்க. நீங்க விறகுலயே சமைங்க. நானே வந்து எடை போட்டுக்கறேன். பஞ்சாயத்துல திங்கக்கிழமை வரைக்கும் டைம் வாங்கறேன்" என்றாள். திங்கட்கிழமைக்குள் ஓடிபி எல்லாம் வந்து கணக்கு நேராகிவிட்டால் சிபாரிசு தானாக விழுந்துவிடும். வராவிட்டால் இதுதான் விறகில் பொங்கும் கடைசி அசனம். எட்வினுக்கு முதல் அசனமே கடைசி அசனம்.

சனிக்கிழமை விடிவதற்கு முன்பே அவள் வந்துவிட்டாள். சுயம்பு அண்ணன் கடையிலிருந்து அரிசி மூட்டை நிறுக்கிற தராசு வந்தது. அதைப் பார்த்ததும் எட்வினுக்கு முகம் வெளிறியது. சுயம்பு அண்ணன் கடைத் தராசு எப்போதும் எடையைக் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும் என்பது ஊரறிந்த ரகசியம். அண்ணனைத் தனியாகக் கூட்டிப்போய், இன்றைக்கு ஒரு நாள் மட்டும் அதை நேர்மையாக இருக்கச் சொல்லுங்கள் என்று கெஞ்சினான். அண்ணன் கோபித்துக்கொண்டே போய் எதையோ திருகிவிட்டு வந்தார்.

அடுத்து நடந்ததை எப்படி எழுதுவது? உலகத்திலேயே விறகைப் பார்த்துப் பயந்து பயந்து பொங்கிய முதல் அசனம் அது. சமையல் மேஸ்திரி அடுப்புக்குள் ஒரு கட்டையைச் சொருகினால், எட்வின் பின்னாலேயே வந்து அதை உருவினான். மேஸ்திரி மறுபடியும் சொருகினார். எட்வின் மறுபடியும் உருவினான். உருவின கட்டையை அணைக்கத் தண்ணீர் ஊற்றியதில் எழுந்த புகை, எரிந்திருந்தால்கூட வந்திருக்காது. ஒரு கட்டத்தில் மேஸ்திரி கையில் சட்டுவத்தோடு எட்வினைத் துரத்த, எட்வின் கையில் கொள்ளிக்கட்டையோடு சர்ச்சைச் சுற்றி ஓட, போதகர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு ஜன்னலை மெதுவாகச் சாத்திக்கொண்டார்.

ஆனால் ஒன்று. அண்டாக்களுக்கெல்லாம் மூடி போட்டான். காற்று வாங்குகிற பக்கம் தகரம் வைத்து அடைத்தான். ஊர்ப் பெண்களிடமிருந்து தேங்காய்ச் சிரட்டையும் தென்னை மட்டையும் சேர்த்து வந்து, பெரிய கட்டை வேண்டிய இடத்தில் அதைப் போட்டான். சோறு வேக நேரமானது. பசியில் குழந்தைகள் அழுதார்கள். பெரியவர்கள் எட்வினின் பரம்பரையையே திட்டினார்கள். என் மனைவியும் அந்தப் பரம்பரைதான் என்பதால் நான் அந்தப் பகுதியில் நிற்கவில்லை. எல்லாம் வெந்து இறக்கியபோது, விறகில் ஒரு நல்ல குவியல் எரியாமல் மிச்சம் கிடந்தது. எட்வின் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டான், யானையைச் சுட்ட வேட்டைக்காரன் மாதிரி.

இதற்கு நடுவே நிவேதாவுக்குத் தலைவலி. மாத்திரை போட வெந்நீர் வேண்டும் என்று எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஸ்டெல்லா அடுப்படியிலேயே இல்லை. அடுப்பு சில்லென்று கிடந்தது. என்னையும் கூட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். அங்கேயும் அப்படித்தான். சுயம்பு அண்ணன் வீடு? அங்கேயும் அடுப்பு எரியவில்லை. அசனத்தன்று ஊரில் யார் அடுப்புப் பற்றவைப்பார்கள்? காலைக் காப்பியே சர்ச் வளாகத்தில்தான். மறுநாளும் வாளிச் சோற்றைத் தண்ணீர் ஊற்றிச் சாப்பிடுவதால் பாதி வீடுகளில் அடுப்பு பற்றாது.

அவள் நடுத்தெருவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"ஊருல ஒரு அடுப்புகூட எரியலைங்களா சார்?"

அப்போதே அங்கேயே லேப்டாப்பைத் திறந்து தேடினாள். எரிந்த பெட்ரோலுக்கு இடம் இருந்தது. எரிந்த கேஸுக்கு இடம் இருந்தது. எரிந்த விறகுக்கு இடம் இருந்தது. எரியாத அடுப்பை எழுத மட்டும் இடம் இல்லை. இவ்வளவு கெட்டிக்கார மெஷினைச் செய்தவர்கள், ஒரு ஊர் சேர்ந்து ஒரே அடுப்பில் சாப்பிடும் என்று நினைத்துப் பார்க்கவே இல்லை போலிருக்கிறது. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. ஒரே மாடிப்படியில் ஏறி இறங்கி, பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாமல் வாழ்கிற ஊர்களில் உட்கார்ந்து செய்திருப்பார்கள். ஒருவர் வீட்டுக் குழம்பு இன்னொருவர் வீட்டில் கொதிப்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

வெந்நீர் கிடைக்கவில்லை. மேஸ்திரி சுடச்சுட ஒரு டம்ளர் ரசம் கொடுத்தார். தலைவலி போய்விட்டது.

பந்தி முடிந்து வாளிப் பங்கு கொடுக்கும் நேரம் வந்தது. எட்வின் வாளி வரிசையின் முன்னால் ஒரு மேஜை போட்டு, நிவேதாவை உட்காரவைத்தான். பிறகு வரிசையைப் பார்த்துச் சொன்னான்:

"வாளி வேணுமா? முதல்ல ஓடிபி சொல்லு."

வரிசை முழுவதும் திரும்பியது. எல்லார் கண்ணும் என்மேல். நான் எழுந்து நின்று, வாழ்க்கையில் முதல்முறையாக, ஓடிபியைச் சொல்லலாம் என்று சொன்னேன். சொல்லும்போது எனக்கே கூசியது. தயவுசெய்து வாசகர்கள் இதை முன்மாதிரியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கையில் வாளிச் சோறு கொடுக்காத எவருக்கும் ஓடிபி சொல்லாதீர்கள்.

முதலில் ஸ்டெல்லாதான் சொன்னாள். சொல்லிவிட்டு வாளியை வாங்கினாள். குழம்பு தளும்ப, கனக்கக் கனக்க அது கைக்கு வந்ததும் அவள் முகமே மாறிவிட்டது. பங்குதான் கையிலேயே இருக்கிறதே... இனி அது கம்ப்யூட்டரில் இருந்தால் என்ன, போனால் என்ன? பின்னால் ஹெலன் சொன்னாள். அதற்குப் பிறகு வரிசை மளமளவென்று நகர்ந்தது. சுயம்பு அண்ணன் கடைசியாக வந்து, ஓடிபியைச் சொல்லி, குரலைத் தாழ்த்தி, அந்த இரண்டாவது பசுவையும் எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார்.

எல்லாரும் போன பிறகு நிவேதா லேப்டாப்பை மூடி எழுந்தாள். எட்வின் அவள் கையில் ஒரு வாளியைத் திணித்தான். அவள் கூச்சப்பட்டாள். தனக்கு எதற்கு, தான் ஊருக்கு வேலையாக வந்தவள்தானே என்றாள்.

"பங்கு உள்ளவங்களுக்குத்தான் மக்கா வாளி. பிடி" என்றான். செவ்வாய்க்கிழமை மேடம் என்று கூப்பிட்டவன், சனிக்கிழமை மக்கா என்றான். அந்தப் பெண் வாளியை வாங்கிக்கொண்டு, ஜீப்பில் அதை மடியில் வைத்துக்கொண்டு போனாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு எல்லாரும் போனில் மேப்பைத் திறந்தார்கள். எங்கள் ஊர் பச்சை! எட்வின் என்னைக் கட்டிப்பிடித்து, சர்ச் வாசலில் வைத்துத் தூக்கினான். திங்கட்கிழமை பஞ்சாயத்தில் அந்தச் சிபாரிசு வரவே இல்லை. அடுத்த வருஷமும் அவன்தான் கன்வீனர், சமையல் நடக்கும்போது அடுப்புக்குப் பக்கத்தில் வரக் கூடாது என்ற நிபந்தனையோடு.

ஆனால் அந்த ஒரு லாரி? அது யார் பெயரில் போனது? ஊருக்குத் தூக்கம் வரவில்லை. சர்ச் பெயரில் இல்லை. சுயம்பு அண்ணன் பெயரில் இல்லை. எட்வின் பொறுக்க முடியாமல் நிவேதாவுக்கே போன் போட்டான். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன்.

எரியாத அடுப்பை எழுத ஒரு புது இடம் திறக்கச் சொல்லி ஹெட் ஆபீஸுக்கு எழுதியிருக்கிறாளாம். அது வருகிறவரை அந்த விறகை யார் பெயரிலாவது வைத்தே ஆக வேண்டும். வைத்துவிட்டாளாம். நாகர்கோவிலில், அவள் தங்கியிருக்கிற மகளிர் விடுதியின் மாடி அறைக் கணக்கில்.

"முழுசையுமா மக்கா உனக்க பேர்ல போட்ட?" என்றான் எட்வின். குரலில் கொஞ்சம் பொறாமைகூட இருந்தது.

"எனக்கும் வாளி குடுத்தீங்கல்லங்கண்ணா" என்றாள்.

ஆக, எங்கள் ஊர் இப்போது பச்சை. நாகர்கோவிலில் ஒரு மாடி அறை மட்டும் தனியாகச் சிவந்து நிற்கிறது: ஒரு ஆள், ஒரு மின்விசிறி, ஒரு லாரி விறகு. என்றைக்காவது காலையில் ஒரு ஜீப் அந்த வாசலில் போய் நின்று, "இங்கே ஃபேக்டரி எங்கே?" என்று கேட்கப் போகிறது... பாவம், அந்த விடுதி வார்டன் அப்போது பல் தேய்த்து முடித்திருக்க வேண்டும்.